அந்துருண்டை முதல் ஆம்பூர் ஷூ வரை: கண்ணுக்குத் தெரியாத வளையங்களை அளந்த கே.எஸ்.கிருஷ்ணன் யார்?

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ இருந்து ஐரோப்பாவுக்குக் கிளம்பும் தோல் சரக்குடன் ஒரு காகிதமும் சேர்ந்து போகும். டெஸ்ட் ரிப்போர்ட். அதில் ஒரு வரி அரோமேட்டிக் அமீன்கள் பற்றியது. சில வகைச் சாயங்கள் சிதையும்போது வெளிவரும் 22 அமீன்களை ஐரோப்பிய ஒன்றியம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அவற்றில் ஏதாவது ஒன்று, ஒரு கிலோ தோலுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தச் சரக்கை அங்கே விற்க முடியாது.

முப்பது மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகை உப்பை விடக் குறைவு. அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்த கருவியும், அதைத் தவிர்க்கத் தெரிந்த டேனரியும் இருந்தால்தான் பாலாற்றங்கரையில் ஆயிரக்கணக்கான வீடுகளில் மாதச் சம்பளம் வரும்.

இவ்வளவு சிறிய அளவில் இருக்கும் ஒரு மூலக்கூறை எப்படி அடையாளம் காண்கிறார்கள்? இந்தக் கேள்வியின் வேரைத் தேடிப் போனால், வத்திராயிருப்பில் பிறந்த ஒரு தமிழரிடம் போய் நிற்போம். பள்ளிப் புத்தகத்தில் சி.வி.ராமனுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரியில் வந்து போகும் பெயர்: கே.எஸ்.கிருஷ்ணன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை என்ன? பார்க்கலாம்.

முதலில், அரோமேட்டிக் என்றால் என்ன?

ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து ஒரு வளையமாக நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கார்பனோடும் ஒரு ஹைட்ரஜன். அதுதான் பென்சீன். மைக்கேல் பாரடே 1825இல் பிரித்தெடுத்த பொருள். அது வளையமாக இருக்கிறது என்று 1865இல் சொன்னவர் ஜெர்மனியின் கெக்குலே. இந்த வகைப் பொருட்களில் பலவற்றுக்கு வாசனை இருந்ததால் அரோமேட்டிக், அதாவது நறுமணச் சேர்மங்கள் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர்தான் அப்படி. எல்லாமே மணக்கும் என்று அர்த்தமில்லை.

இரண்டு வளையம் ஒட்டிக்கொண்டால் நாப்தலின். பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே பாட்டி போட்டு வைத்த அந்துருண்டை அதுதான். மூன்று வளையம் வரிசையாக ஒட்டினால் ஆந்த்ரசீன்.

இந்த வளையத்தின் ரகசியம் அதன் எலக்ட்ரான்களில் இருக்கிறது. சில எலக்ட்ரான்கள் எந்த ஒரு அணுவுக்கும் சொந்தமில்லாமல், வளையம் முழுக்கச் சுற்றி வரும். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி, எல்லாருக்கும் சொந்தம். ஒளி பட்டாலும் சரி, காந்தம் பக்கத்தில் வந்தாலும் சரி, இந்தப் பொது எலக்ட்ரான்கள்தான் முதலில் பதில் சொல்லும். கிருஷ்ணன் தன் ஆராய்ச்சி வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்தப் பதிலைக் கேட்பதிலேயே செலவழித்தார்.

வத்திராயிருப்பிலிருந்து சென்னைக்கு

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்தது 1898 டிசம்பர் 4. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் வத்திராயிருப்புதான் சொந்த ஊர். இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். அப்பா விவசாயம் பார்த்தவர். கூடவே தமிழிலும் சமஸ்கிருதத்திலும் நல்ல புலமை உள்ளவர். வீட்டில் வயலும் இருந்தது, ஏடும் இருந்தது.

உள்ளூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளியிலும் படிப்பு. பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கிருந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அப்போது அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போகவில்லை, நகரத்துக்குள்ளேயே இருந்தது.

படிப்பு முடிந்ததும் அதே கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டும் வேலை. இயற்பியலாளர் என்று உலகம் கொண்டாடிய மனிதரின் முதல் சம்பளம் வேதியியலில் இருந்து வந்தது என்பது கவனிக்க வேண்டிய விஷயம். பிற்காலத்தில் அவர் கையில் எடுத்த கேள்விகள் எல்லாமே இந்த இரண்டு துறைக்கும் நடுவில் இருந்த வரப்பில் முளைத்தவைதான்.

மதிய இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து சந்தேகம் கேட்பார்களாம். எந்தப் பாடத்தில் வேண்டுமானாலும் கேட்கலாம். விஷயம் பரவி, பக்கத்துக் கல்லூரிகளில் இருந்தும் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு விஷயத்தை எளிமையாகச் சொல்லும் திறமை அவருக்குக் கடைசி வரை கூடவே இருந்தது.

பவ்பஜார் தெரு ஆய்வுக்கூடம்

அந்தக் காலத்தில் இந்தியாவில் இயற்பியல் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்றால் ரயில் ஏற வேண்டிய ஊர் கல்கத்தா. 1920களின் தொடக்கத்தில் கிருஷ்ணனும் அங்கே போனார். பவ்பஜார் தெருவில் மகேந்திரலால் சர்க்கார் 1876இல் தொடங்கிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அங்கே சி.வி.ராமன் ஒரு பெரிய ஆராய்ச்சிக் குழுவையே உருவாக்கிக்கொண்டிருந்தார். குழுவில் தமிழ்க் குரல்களுக்குக் குறைவில்லை. 1923இல் கிருஷ்ணன் அதில் சேர்ந்தார்.

அங்கே நடந்த முக்கியமான வேலை, ஒளிச்சிதறல். ஒரு சுத்தமான திரவத்துக்குள் ஒளிக்கற்றையை அனுப்பினால், ஒளி நேராகப் போவதோடு நிற்காது. கொஞ்சம் பக்கவாட்டிலும் சிதறும். எவ்வளவு சிதறுகிறது, எந்தத் திசையில், எந்த நிறத்தில் என்று பார்த்தால் அந்தத் திரவத்தின் மூலக்கூறு எப்படி இருக்கிறது என்று ஊகிக்கலாம். உருண்டையா, நீளமா, தட்டையா?

கிருஷ்ணன் ஏராளமான திரவங்களைத் தூசி இல்லாமல் சுத்தப்படுத்தி, ஒவ்வொன்றாகச் சோதித்தார். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒரு துளி அழுக்கு இருந்தாலும் மொத்தக் கணக்கும் கெட்டுவிடும். பென்சீன் போன்ற தட்டையான வளையங்கள் மற்ற மூலக்கூறுகளைப் போல ஒளியைச் சிதறடிப்பதில்லை என்பது இந்த வேலைகளில் தெளிவாகத் தெரிந்தது.

இந்தச் சோதனைகளில் ஒரு சின்ன உறுத்தலும் இருந்தது. சிதறிய ஒளியோடு, வேறு நிறத்தில் மிக மங்கலான ஒரு ஒளியும் வந்தது. ராமனின் இன்னொரு மாணவர் கே.ஆர்.ராமநாதன் 1923இலேயே இதைக் கவனித்திருந்தார். ஏதோ அழுக்கு ஒளிர்கிறது போல என்று நினைத்து எவ்வளவு சுத்தப்படுத்தினாலும் அது போகவே இல்லை.

1928 பிப்ரவரி: அந்த மூன்று வாரம்

அந்த நேரத்தில் கிருஷ்ணன் காகிதக் கணக்குகளில் மூழ்கியிருந்தார். சோதனையை விட்டு ரொம்ப நாள் விலகி இருப்பது நல்லதல்ல என்பது ராமனின் எண்ணம். திரும்பவும் ஆய்வுக்கூடத்துக்குள் வரச் சொன்னார். பிப்ரவரி முதல் வாரத்தில் கிருஷ்ணன் கையில் எடுத்த பொருள் எது தெரியுமா? ஆந்த்ரசீன் ஆவி. மூன்று வளையம் கொண்ட அதே அரோமேட்டிக் மூலக்கூறு. அதன் மேல் ஒளி பட்டால் எப்படி ஒளிர்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். அந்த நாட்களை அவர் டைரியில் எழுதியும் வைத்தார். அந்தக் கண்டுபிடிப்பு எப்படி நடந்தது என்று இன்று ஆராய்பவர்களுக்கு அந்த டைரிதான் முக்கியமான ஆவணம்.

ஆவியில் இருந்து கவனம் சீக்கிரமே திரவங்களுக்குத் திரும்பியது. முறை எளிமையானது. சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியாக அனுப்பி, திரவத்தின் மேல் விழச் செய்ய வேண்டும். சிதறி வரும் ஒளியை, ஊதாவை முழுசாகத் தடுக்கும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். உள்ளே போனது ஊதா மட்டும்தான் என்றால், இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால் எதுவுமே தெரியக் கூடாது, இல்லையா? ஆனால் தெரிந்தது. திரவம் மாற்றி திரவம் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் தெரிந்தது.

அடுத்த கேள்வி, இது சாதாரண ஒளிர்வா, வேறு ஏதாவதா? சாதாரண ஒளிர்வில் ஒளி அலைகள் பொதுவாக எல்லாத் திசையிலும் அதிரும். இங்கே வந்த ஒளியோ ஒரே திசையில் அதிரும் போக்கை அழுத்தமாகக் காட்டியது. அப்படியானால் இது வேறு விஷயம். பிப்ரவரி 7ஆம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ராமனே கிருஷ்ணன் வீட்டுக்குத் தேடி வந்துவிட்டார். அன்று காலையில் பார்த்தது, கிராமர்ஸும் ஹைசன்பர்க்கும் காகிதத்தில் கணித்திருந்த விளைவாக இருக்கலாம் என்ற பரபரப்பு அவருக்கு.

என்ன நடக்கிறது என்று எளிமையாகச் சொன்னால் இப்படி. ஒளித்துகள் ஒரு மூலக்கூறின் மேல் மோதுகிறது. பெரும்பாலும் அதே ஆற்றலோடு திரும்பிவிடும். பல லட்சத்தில் ஒன்று மட்டும், மூலக்கூறை அதிரவிட்டு, கொஞ்சம் ஆற்றலை அங்கேயே விட்டுவிட்டு வரும். ஆற்றல் குறைந்தால் நிறம் மாறும். எவ்வளவு குறைந்தது என்பது மூலக்கூறின் அதிர்வைப் பொறுத்தது. ஆக, அந்த நிற மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கைரேகை.

பிப்ரவரி 16 அன்று நேச்சர் இதழுக்கு ஒரு சிறு குறிப்பு கிளம்பியது. எழுதியவர்கள் பெயர்: ராமன், கிருஷ்ணன். பிப்ரவரி 28 அன்று நிறமாலைக் கருவி வழியாகப் பார்த்தபோது புதிய ஒளி தனியாகப் பிரிந்து நின்றது. மார்ச் 31 இதழில் அந்தக் குறிப்பு அச்சானது. பிப்ரவரி 28ஐத்தான் இன்று தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம்.

நோபலில் அவர் பெயர் ஏன் இல்லை?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. 1930இல் இயற்பியல் நோபல் ராமன் ஒருவருக்கு மட்டும் வந்தது. இந்தப் பரிசை அதிகபட்சம் மூன்று பேர் வரை பகிர்ந்துகொள்ள முடியும். அதே சமயம் மாஸ்கோவில் லேண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் என்ற இருவர் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டிருந்தார்கள். அவர்களுக்கும் பரிசு இல்லை.

ராமன் தரப்பில் சொல்ல நியாயம் இருக்கிறது. 1921இல் இருந்து ஒளிச்சிதறலைத் துரத்தியவர் அவர். குழுவை உருவாக்கியதும், கேள்வியை வைத்ததும், கடைசி வரை விடாமல் பிடித்ததும் அவர்தான். நோபல் உரையில் கிருஷ்ணன் பெயரைச் சொல்லவும் செய்தார். கிருஷ்ணன் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அந்த மூன்று வாரமும் இருட்டறையில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தவர் அவர். முதல் குறிப்பில் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கிறது. ஆனால் விளைவுக்கு ஒரு பெயர்தான் நிலைத்தது.

அறிவியல் வரலாறு எழுதுபவர்கள் இதை இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கிருஷ்ணன் மட்டும் இதை வைத்து எந்தச் சர்ச்சையையும் கிளப்பவில்லை. அவர் செய்தது வேறு. 1928 டிசம்பரிலேயே கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ஒளியை வைத்துவிட்டு, காந்தத்தைக் கையில் எடுத்தார். அவருடைய சொந்தக் கதை உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

டாக்கா: இழையில் தொங்கிய அந்துருண்டை

டாக்காவில் இயற்பியல் துறையில் அப்போது இருந்தவர் சத்யேந்திரநாத் போஸ். ஐன்ஸ்டீனோடு பெயர் சேர்ந்தவர். அங்கே ரீடராகச் சேர்ந்த கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன?

காந்தத்துக்கும் அந்துருண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். இரும்பு காந்தத்தோடு ஒட்டும். நாப்தலின் ஒட்டாது. ஆனால் ஒன்றுமே நடக்காது என்றும் இல்லை. காந்தம் அதை மிக மிக லேசாக விலக்கும். நம் கண்ணுக்கோ கைக்கோ தெரியாத அளவு. அந்த விலகல் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. காந்தப்புலம் வளையத்துக்குச் செங்குத்தாக வந்தால், பொது எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கச் சுற்ற ஆரம்பித்து அதிகமாக எதிர்க்கும். வளையத்தின் தளத்திலேயே வந்தால் எதிர்ப்பு குறைவு. நாப்தலின் மூலக்கூறில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம்.

இதை அளக்க அவர் வைத்துக்கொண்ட ஏற்பாடு கிட்டத்தட்ட ஊஞ்சல் மாதிரி. முடியை விட மெல்லிய குவார்ட்ஸ் இழை. அதன் நுனியில் ஒரு சின்னப் படிகம். இரண்டு பக்கமும் காந்தத்தின் முனைகள். படிகம் தனக்குச் சௌகரியமான திசையில் திரும்பி நின்றுவிடும். இப்போது மேலே இருந்து இழையை மெதுவாக முறுக்க வேண்டும். படிகம் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். ஒரு கட்டத்தில் தாங்காமல் சட்டென்று சுழன்றுவிடும். அதுவரை எத்தனை சுற்று முறுக்கினோம் என்று எண்ணினால், இரண்டு திசைகளுக்கும் உள்ள காந்த வித்தியாசம் கிடைத்துவிடும்.

பெரிய செலவு இல்லை. ஆனால் நல்ல படிகம் வளர்க்கப் பொறுமை வேண்டும், கை நடுங்காமல் இருக்க வேண்டும். பி.சி.குஹா, எஸ்.பானர்ஜி ஆகிய இருவரோடு சேர்ந்து நாப்தலின், ஆந்த்ரசீன் என்று படிகம் படிகமாக அளந்து, 1933இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார்.

அன்று படிகத்துக்குள் எட்டிப் பார்க்க எக்ஸ்ரே முறை ஒன்றுதான் இருந்தது. ஒரு படிகத்தின் அமைப்பை முழுசாகக் கணக்கிட்டு எடுக்க மாதக்கணக்கில் ஆகும். வளையம் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைக் கிருஷ்ணனின் இழை முறை வேறொரு வழியில் சொல்லிவிட்டது. எக்ஸ்ரே ஆராய்ச்சியாளர்களுக்குத் தங்கள் கணக்கைச் சரிபார்க்க ஒரு சுயேச்சையான சாட்சி கிடைத்தது. இங்கிலாந்தில் கேத்லீன் லான்ஸ்டேல் போன்றவர்கள் இந்த அளவீடுகளை முக்கியமாக எடுத்துக்கொண்டார்கள். பொது எலக்ட்ரான்கள் வளையம் முழுக்கச் சுற்றுகின்றன என்ற கருத்தை 1930களில் லைனஸ் பாலிங் போன்றவர்கள் கணக்காக எழுதியபோது, ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் எண்கள் இருந்தன என்றால், அதில் டாக்காவின் பங்கு பெரியது.

கல்கத்தா, அலகாபாத், டெல்லி

1933இல் கல்கத்தாவுக்குத் திரும்பினார், அதே பவ்பஜார் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராக. இங்கே அவர் கவனம் கிராபைட் பக்கம் போனது. பென்சில் முனையில் இருக்கும் கிராபைட்தான். ஆறு கார்பன் வளையங்களைத் தரையில் ஓடு பதித்த மாதிரி அடுக்கிக்கொண்டே போனால் கிராபைட் தாள். அதில் எலக்ட்ரான்கள் எப்படி ஓடுகின்றன என்று என்.கங்குலியோடு சேர்ந்து காந்தத்தை வைத்தே ஆராய்ந்தார். அந்த ஒற்றைத் தாளைத்தான் இன்று கிராபீன் என்கிறோம். அதைப் பிரித்து ஆராய்ந்ததற்கு 2010இல் நோபல் கிடைத்தது.

1940இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946இல் சர் பட்டம். 1947இல் டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அதன் முதல் இயக்குநர் கிருஷ்ணன். 1948இல் அணுசக்தி ஆணையம் அமைந்தபோது ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோரோடு அதில் இடம்பெற்றார். 1954இல் பத்மபூஷண். 1958இல் முதல் பட்நாகர் விருது.

பதவிப் பட்டியலாகப் படித்தால் சலிப்பாக இருக்கும். ஆனால் தேசிய இயற்பியல் ஆய்வகம் என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் வேறு. ஒரு கிலோ என்றால் எவ்வளவு, ஒரு மீட்டர் என்றால் எவ்வளவு என்று நாட்டுக்கே உறுதி சொல்லும் இடம் அது. சேர், வீசை, மணங்கு என்று ஊருக்கு ஒரு அளவு இருந்த நாடு 1950களின் கடைசியில் மெட்ரிக் முறைக்கு மாறியபோது, அந்த அளவுகளின் மூலப்படிகளைப் பாதுகாத்தது அந்த ஆய்வகம்தான். இந்தியாவின் மூலக் கிலோகிராமான 57ஆம் எண் எடைக்கல் இன்னும் அங்கே இருக்கிறது. இன்றைக்கு ஆம்பூர் ரிப்போர்ட்டில் 30 மில்லிகிராம் என்று அச்சடித்தால் உலகம் நம்புகிறது என்றால், இப்படி ஒரு அளவியல் சங்கிலி பின்னால் இருப்பதால்தான்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. சூடான உலோகம் எலக்ட்ரான்களை எப்படி வெளியேற்றுகிறது என்று கடைசி வருடங்களிலும் அளந்துகொண்டிருந்தார். 1961 ஜூனில் டெல்லியில் காலமானார். வயது 62. ஆய்வகம் இருக்கும் சாலைக்கு இன்று அவர் பெயர்தான்.

தமிழில் எழுதிய விஞ்ஞானி

கிருஷ்ணனைத் தெரிந்தவர்கள் எல்லாரும் குறிப்பிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, கதை சொல்வது. நேருவைப் பார்க்கும்போதெல்லாம் புதிதாக ஒரு கதை கைவசம் வைத்திருப்பார் என்பது டெல்லியில் பிரபலம். இன்னொன்று, தமிழ். கல்கத்தா, டாக்கா, அலகாபாத், டெல்லி என்று வாழ்க்கையின் பெரும்பகுதியை வெளியூரிலேயே கழித்தாலும் தமிழ் இலக்கியத்தை விடவில்லை. அறிவியல் கட்டுரைகளைத் தமிழில் எழுதினார். அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல முடியும் என்பதை வாதமாக வைப்பதை விட, எழுதிக் காட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

லேசர் வந்த பிறகு என்ன ஆனது?

கிருஷ்ணன் இறப்பதற்கு முந்தைய வருடம், 1960இல், அமெரிக்காவில் முதல் லேசர் ஒளிர்ந்தது. அவர் சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் வைத்துப் போராடிய வேலைக்கு, ஒரே நிறத்தில் கூர்மையான ஒளி கிடைத்துவிட்டது. கைக்கு அடக்கமான ராமன் நிறமாலைக் கருவியை ஒரு மாத்திரை மேலோ பொடி மேலோ காட்டினால், அது என்ன பொருள் என்று இன்று சில நொடிகளில் தெரிந்துவிடும்.

அரோமேட்டிக் வளையங்களுக்கு இதை விடச் சுவாரசியமான ஒரு வழியும் பிறந்தது. லேசரால் அயனியாக்குவது. அப்படின்னா?

ஒரு மூலக்கூறில் இருந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்த்து எடுத்தால் அது மின்னூட்டம் பெற்ற அயனி. அயனியை மின்புலத்தில் ஓடவிட்டு எடை போடலாம். பென்சீனில் இருந்து எலக்ட்ரானை எடுக்க 9.24 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 259 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட புறஊதா லேசரின் ஒரு ஒளித்துகளில் சுமார் 4.8 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். ஒன்று போதாது. ஆனால் அந்த அலைநீளம் பென்சீன் வளையத்துக்குப் பிடித்த அலைநீளம். முதல் துகளை வாங்கி, வளையம் ஒரு படி மேலே ஏறி நிற்கும். அதே நேரத்தில் இரண்டாவது துகள் வந்தால் மொத்தம் 9.6. எலக்ட்ரான் வெளியே.

காற்றில் இருக்கும் நைட்ரஜனுக்கு 15.6, ஆக்சிஜனுக்கு 12.1, நீராவிக்கு 12.6 தேவை. இரண்டு துகளாலும் எட்டாது. அவற்றுக்கு நடுவில் நிற்க ஒரு படியும் இல்லை. ஆக, கூட்டத்துக்குள் அரோமேட்டிக் மூலக்கூறுகளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. புகையிலும், காபிக்கொட்டை வறுக்கும் ஆவியிலும் இந்த முறையில் வளையங்களைத் தேடுகிறார்கள். செவ்வாயில் இருந்து வந்து விழுந்த ஒரு விண்கல்லில் பல வளைய மூலக்கூறுகள் இருப்பதாக 1996இல் பரபரப்பான அறிவிப்பு வந்ததே, அதற்கும் லேசரைத்தான் பயன்படுத்தினார்கள்.

தோல் சோதனைக் கூடங்களில் வழக்கமாக நடப்பது இதை விடச் சாதாரணமான முறை. சாயத்தை வேதிப்பொருளால் உடைத்து, வரும் அமீன்களைப் பிரித்து, எலக்ட்ரான் கற்றையால் அயனியாக்கி எடை போடுவார்கள். கருவி மாறலாம். வளையத்தை அதன் குணத்தை வைத்தே பிடிக்கும் யோசனை ஒன்றுதான்.

கடுக்காயும் சீன மருந்தும்

வேலூர் பக்கம் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. குரோமியம் வருவதற்கு முன்பு இங்கே தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். அவற்றில் இருக்கும் டானின் என்பதே பல அரோமேட்டிக் வளையங்கள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. அது தோலின் புரதத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் தோல் அழுகாது. அதே ஆவாரை, அதே கடுக்காய் நம் சித்த மருத்துவத்திலும் உண்டு. கடுக்காய் சீன மருத்துவத்தில்கூட ஹெஸி என்ற பெயரில் இருக்கிறது.

இந்த மருந்துகள் நாடு தாண்டிப் போகும்போதுதான் சிக்கல் வருகிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடை குறைக்கும் சிகிச்சைக்குச் சீன மூலிகை கலந்த மாத்திரை கொடுத்தார்கள். ஒரு மூலிகைக்குப் பதிலாக, ஒத்த பெயர் கொண்ட அரிஸ்டோலோகியா இன மூலிகை கலந்துவிட்டது. அதில் இருந்த அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற அரோமேட்டிக் மூலக்கூறு நூறு பேருக்கு மேல் சிறுநீரகத்தைப் பாதித்தது. சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோகியா இனம்தான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

அதற்குப் பிறகு ஐரோப்பாவில் மூலிகை மருந்துக்கான விதிகள் இறுகின. பாரம்பரியம் என்ற சொல் மட்டும் போதவில்லை. உள்ளே என்ன மூலக்கூறு, எவ்வளவு என்று காட்ட வேண்டியிருந்தது. முதல் சீன மருந்து அங்கே முறையாகப் பதிவானது 2012இல், நெதர்லாந்தில். நம் சித்த மருந்துகள் வெளிநாடு போக வேண்டுமென்றாலும் இதே வாசலைத்தான் தாண்ட வேண்டும்.

மறுபடியும் ஆம்பூர்

தோல் தொழில் இந்த வாசலை ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1989 டிசம்பரில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போட்டுவந்த பென்டாகுளோரோபீனாலைத் தடை செய்தது. அதுவும் ஒரு பென்சீன் வளையம்தான், ஐந்து குளோரின் ஒட்டியது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 1994இல் சாயங்களுக்கும் தடை வந்தது. நன்றாகத் தைத்த ஷூவும் கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்காகத் திரும்பி வரும் என்ற பயத்தைத் தமிழ்நாட்டு டேனரிகள் அப்போதுதான் புரிந்துகொண்டன. பூஞ்சைக்கு மாற்று மருந்து, சாயத்துக்கு மாற்றுச் சாயம், சோதனைக்குப் புதிய கருவி என்று தொழிலே மாற வேண்டியிருந்தது.

அந்தத் தடைகளை வெறும் வியாபாரத் தொல்லையாகப் பார்ப்பதும் சரியல்ல. ஷூ போடுபவருக்கு ஆபத்தான மூலக்கூறு, அதை டிரம்மில் கொட்டிக் கலக்கும் தொழிலாளிக்கு இன்னும் ஆபத்தானது. ரிப்போர்ட்டில் அந்த எண் குறைந்தால், ஆம்பூரில் ஒரு கையும் நுரையீரலும்கூடக் கொஞ்சம் பாதுகாப்பாகிறது.

தோலை மென்மையாக்க இன்று டிரம்மில் சேர்க்கும் செயற்கை டானின்கள் பலவற்றுக்கு மூலப்பொருள் நாப்தலின். கிருஷ்ணன் டாக்காவில் இழையில் கட்டித் தொங்கவிட்ட அதே இரட்டை வளையம். அவர் காலத்தில் அதை அளந்ததால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது கஷ்டம்தான். பரிசு இல்லை, பெயரில்லை, உடனடிப் பயனும் இல்லை. இருந்தாலும் சரியாக அளந்து வைத்தார். ஒரு வளையத்தைத் தெரிந்துகொள்ள அதை உடைக்க வேண்டியதில்லை, அதன் எலக்ட்ரான்களிடம் சரியான கேள்வியைக் கேட்டால் போதும் என்று அந்த அளவீடுகள் காட்டின.

அடுத்த பிப்ரவரி 28 அன்று பள்ளியில் ராமன் படத்துக்கு மாலை போடும்போது, பக்கத்தில் வத்திராயிருப்புக்காரர் ஒருவரின் படத்தையும் வைக்கலாம். மாணவர்கள் யார் என்று கேட்டால், பீரோவில் இருக்கும் அந்துருண்டையில் இருந்து கதையை ஆரம்பிக்கலாம்.